மேசை மேல் அசையாமல் நிற்கும் நாய்

கால்நடை மருத்துவரின் எஃகு மேசை மீது தூக்கி வைத்ததும் சில நாய்கள் சிலையாகச் சமைந்துவிடும். வால் அடிவயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். வாய் இறுக மூடிக்கொள்ளும். ஊசி இறங்கும்போதுகூட முனகல் எழாது. "ரொம்ப சமத்துங்க, சத்தமே போடலை" என்று உதவியாளர் மெச்சுவார். வளர்ப்பவருக்கும் உள்ளூரப் பெருமையாக இருக்கும். அடுத்து வரும் நாய் உறுமிக்கொண்டு பாய்ந்தால் அதை முரடு என்போம். உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் இரண்டு நாய்களும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. தப்பி ஓட வழியில்லாத விலங்குக்கு மிஞ்சுவது எதிர்ப்பதும் உறைவதும் மட்டுமே; எது வாய்க்கும் என்பது பிறவிக் குணத்தையும் முன் அனுபவத்தையும் பொறுத்தது. உறைந்து நின்ற நாயின் அச்சத்தை யாரும் பொருட்படுத்தாததால் அது ஆண்டுதோறும் வளர்ந்து, 'இதுவரை யாரையும் கடித்ததே இல்லை' என்று வீட்டார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் கடித்துவிடுகிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், மருத்துவமனைக்கு வந்த 135 நாய்களைக் கூர்ந்து கவனித்தார்கள். பரிசோதனை மேசையில் 106 நாய்கள், அதாவது 78.5 விழுக்காடு, அச்சக் குறிகளைக் காட்டின. எட்டில் ஒன்றுக்கும் மேற்பட்ட நாய்களை இழுத்தோ தூக்கியோதான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. அங்கேயே நிலை இது என்றால், ஒரே அறையில் ஆடும் கிளியும் கன்றுக்குட்டியும் காத்திருக்கும் நம் ஊர்க் கால்நடை மருந்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வருகை நல்லபடியாக முடிந்ததா என்பதை ஊசி போட்டாயிற்றா என்பதைக் கொண்டு அளக்காமல், அந்த விலங்கு அங்கே என்ன கற்றுக்கொண்டு வெளியேறியது என்பதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படி அளக்க வேண்டுமானால் முதலில் அதன் உடலைப் படிக்கத் தெரிய வேண்டும். பசியில்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, ஒரு முன்னங்காலை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வது, வீட்டில் பாய்ந்து வாங்கும் தீனியை இங்கே முகர்ந்துகூடப் பார்க்காதது ஆகியவை நாயின் மொழி. பூனையென்றால் காது பக்கவாட்டில் தட்டையாகும், கண்மணி பெரிதாக விரியும், வால் உடலைச் சுற்றிக்கொள்ளும். அச்சத்தில் பூனை 'கர்ர்' என்று உறுமுவது போலவே, சில வேளை கொஞ்சும்போது எழுப்புகிற அதே குறுகுறுப்பையும் எழுப்பும் என்பதால் அந்த ஒலியை மட்டும் நம்ப முடியாது. எளிதாகப் பார்க்கக்கூடிய இன்னொரு குறி உண்டு. நாய்க்கும் பூனைக்கும் பாதத் திண்டுகளில் வியர்க்கும். பரிசோதனை முடிந்து கீழே இறக்கிய பிறகு மேசையைச் சாய்வாகப் பாருங்கள். நான்கு பாதங்களின் ஈரத் தடம் எஃகின் மேல் அப்படியே பதிந்திருக்கும். சுற்றிலும் உதிர்ந்த முடி கிடக்கும். சமத்தாக நின்ற நாயின் உண்மையான வாக்குமூலம் அந்தத் தடம்தான்.

இதெல்லாம் இரக்கப்பட்டவர்களின் பேச்சு என்று ஒதுக்குபவர்களுக்கு மருத்துவக் காரணமும் உண்டு. அஞ்சிய விலங்கிடம் எடுக்கும் அளவுகள் அதன் உண்மை அளவுகள் ஆகா. இதயம் விரைந்து துடிக்கும், உடல் வெப்பம் ஏறும், இரத்த அழுத்தம் உயரும், வயிற்றுத் தசை இறுகி உள்ளே கை வைத்துப் பார்க்க முடியாமல் போகும். நாக்கை நீட்டி மூச்சிரைக்க இளைக்கும் நாயின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இளைப்பின் ஒலிதான் கேட்கும். வீட்டில் மூன்று காலில் நொண்டிய நாய் மருத்துவர் முன்னால் நான்கு காலையும் ஊன்றி நடந்து நம்மைப் பொய்யராக்குவதற்கும் இந்த அச்சம்தான் காரணம். நொண்டல், இருமல், வலிப்பு போன்றவற்றை வீட்டிலேயே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போவது ஆயிரம் விளக்கங்களை விடப் பயன்படும்.

பூனைகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. பிடித்து அமுக்கி இரத்தம் எடுக்கும் அந்தப் போராட்டத்திலேயே ஒரு பூனையின் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டிவிடக்கூடும். சிலவற்றில் 300-ஐயும் எட்டும். எங்கள் மீனு எடை குறைந்து வந்தபோது எடுத்த சோதனையில் அப்படியொரு எண் வந்தது. பார்த்த டாக்டர் அனுபவசாலி. "இந்த நம்பரை நான் நம்பலைம்மா, வந்ததுலேர்ந்து இவ எங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கா" என்று சொல்லி, ஃப்ரக்டோசமின் என்ற வேறொரு இரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அது முந்தைய ஒன்றிரண்டு வாரங்களின் சர்க்கரை நிலையைக் காட்டுவது. சில நிமிட அச்சம் அதை அசைக்காது. முடிவு இயல்பாக வந்தது. எடை குறைந்ததற்குக் காரணம் அவளுடைய கடைவாய்ப் பல்லில் இருந்தது. முதல் எண்ணை நம்பி இன்சுலின் தொடங்கியிருந்தால், இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்தே சர்க்கரையைத் தாழ்த்தி உயிரைக் குடித்திருக்கக்கூடும். வயதான பூனைகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும்போதும் இதே கவனம் வேண்டும்: ஐந்து பத்து நிமிடம் அமைதியான இடத்தில் விட்டுவைத்து, முதலில் வரும் அளவைத் தள்ளிவிட்டு, பலமுறை எடுத்துச் சராசரி காண்பதே முறை.

பூனையைப் பொறுத்தவரை மருத்துவமனை நம் வீட்டுப் பரணிலேயே தொடங்கிவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை பரணிலிருந்து தூசியோடு இறங்கும் கேரியரின் பிளாஸ்டிக் ஓசை கேட்டதுமே பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் பூனையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைத் துடைப்பக் கட்டையால் தள்ளி, போர்வையால் அமுக்கி, கூடைக்குள் திணித்து, வெளியேறும் முன்பே இரு தரப்புக்கும் காயம். 2011-ல் அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், பூனை வளர்ப்பவர்களில் 58 விழுக்காட்டினர் தங்கள் பூனைக்கு மருத்துவரிடம் போவது அறவே பிடிக்காது என்றார்கள். பூனைகள் நாய்களைவிடக் குறைவாகவே மருத்துவரைக் காண்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நோயை மறைப்பதில் பூனை கைதேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்.

கேரியர் என்பது பயணத்துக்கான பெட்டியாக இருக்கும் வரை இது மாறாது. அது வீட்டுச் சாமான்களில் ஒன்றாக வேண்டும். மேல்பாதியைக் கழற்றி வைத்துவிட்டு, அடிப்பாதியில் பூனை வழக்கமாகப் படுக்கும் பழைய புடவையை மடித்துப் போட்டு, கூடத்தில் அது விரும்பும் மூலையில் வைத்துவிடுங்கள். தீனியை முதலில் அருகிலும் பிறகு உள்ளேயும் வையுங்கள். எங்கள் பட்டுவுக்கு நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் நன்றாக அலசி உப்பை எடுத்துவிட்டு, தலையும் முள்ளும் நீக்கிப் போடுவேன். அது உள்ளேயே படுத்துத் தூங்கத் தொடங்கிய பிறகுதான் மேல்பாதியை மாட்டினேன், அதற்கும் பிறகு கதவு, கதவு சாத்திய சில நொடிகளிலேயே திறப்பு, பிறகு தூக்குவது, பிறகு மாடிப்படி வரை போய்த் திரும்புவது. ஒவ்வொரு படியிலும் அது தயங்கினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். வியன்னாவில் நடத்தி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 22 பூனைகளில் பாதிக்கு இப்படி ஆறு வாரங்களில் 28 அமர்வுகளாகப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவை காரில் அமைதியாக இருந்ததோடு, அவற்றின் மருத்துவப் பரிசோதனையும் குறைந்த நேரத்தில் முடிந்தது.

கட்டைப்பையிலும் ஒயர்க் கூடையிலும் காய்கறிச் சாக்கிலும் பூனையைக் கொண்டுவருபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல கேரியரின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் ஆட்டோ சிக்னலில் நிற்கும்போது பையிலிருந்து பாய்ந்து தொலைந்த பூனைகள் எத்தனையோ. துணி போடும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து, விளிம்பைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினால் காற்றோட்டமான கூண்டு கிடைத்துவிடும். மருத்துவர் மேலே உள்ளதை மட்டும் எடுக்கலாம். எந்தப் பெட்டியானாலும் கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டே நடக்காமல், அடியில் கை கொடுத்து நெஞ்சோடு அணைத்துத் தூக்குவது நல்லது. மேலே ஒரு துண்டைப் போர்த்தினால் பாதி அச்சம் அங்கேயே குறையும். ஆட்டோவின் தரை எஞ்சினோடு சேர்ந்து அதிர்வதால் நான் மடியில்தான் வைத்துக்கொள்வேன். மனிதர்களுக்கு எட்டாத உச்ச ஒலிகளையும் கேட்கும் காதுகளுக்கு அண்ணா சாலை என்னவாகக் கேட்கும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வதுண்டு.

காத்திருக்கும் இடம் அடுத்த சோதனை. 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் சென்னைவாசிகள் மட்டுமின்றி வெளி மாவட்டத்தவரும் விலங்குகளோடு வருகிறார்கள். சிற்றூர்களின் அரசு மருந்தகங்களோ மாடுகளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அங்கே பூனைக்கென்று தனி அறை கேட்பது நடக்காத காரியம், நடக்கக்கூடியது வேறு. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போய் அவரை வரிசையில் நிறுத்திவிட்டு, விலங்கோடு வெளியே மரத்தடியிலோ வண்டியிலோ இருக்கலாம். தனியார் மருத்துவமனைகளில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, முறை வரும்போது நேராக உள்ளே போகலாம். உட்கார்ந்துதான் ஆக வேண்டுமென்றால், கேரியரைத் தரையில் வைத்து நாய்களின் மூக்குக்குக் காட்சிப் பொருளாக்காமல் நாற்காலியின் மேல் வைத்துத் துண்டால் மூட வேண்டும். எதிரே இருக்கும் நாய் வெறுமனே வேடிக்கை பார்த்தாலும் பூனைக்கு அது முற்றுகைதான்.

மேலைநாடுகளில் இதை ஓர் ஒழுங்காக்கியவர்கள் மருத்துவர்களே. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த மருத்துவர் சோஃபியா யின், 2014-ல் மறையும் வரை, அடக்கிப் பிடிக்காமல் கையாளும் முறைகளை எழுதியும் செய்து காட்டியும் பரப்பினார். பூனைகளுக்கான பன்னாட்டு மருத்துவக் கழகம் பூனைக்கு உகந்த மருத்துவமனை என்ற தகுதிச் சான்றை 2012-ல் தொடங்கியது. மார்ட்டி பெக்கர் தொடங்கிய 'ஃபியர் ஃப்ரீ' அமைப்பு 2016 முதல் மருத்துவர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பயிற்சியும் சான்றும் கொடுத்து வருகிறது. 2022-ல் பூனை மருத்துவர்களின் இரு பன்னாட்டு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தைக் கைவிடச் சொல்லின. தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவதைக் காட்டி இதற்கு நியாயம் சொல்வார்கள். அது சில வாரக் குட்டியைத் தாய் இடம் மாற்றும் முறை. வளர்ந்த பூனையின் பிடரியை இன்னொரு விலங்கு பற்றுவது சண்டையிலோ இணைசேரும்போதோ வேட்டையிலோதான். அப்போது அது அடங்கியிருப்பது அச்சத்தில் உறைந்துபோவதால்தான்.

நல்ல மருத்துவர் ஒருவர் பூனையைப் பார்க்கும் விதத்தை அருகிலிருந்து கண்டிருக்கிறேன். கேரியரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பூனையைக் கொட்டவில்லை. பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்து, மேல்பாதியைத் தூக்கிய அதே நேரத்தில் இடைவெளி வழியே துண்டை நுழைத்துப் பூனையின் முகத்தை மூடினார். பட்டு தன் பழம்புடவையின் மேலேயே உட்கார்ந்திருக்க, பின்பக்கத்திலிருந்து கை கொடுத்து வயிறு பார்த்தார், நெஞ்சு கேட்டார். முகத்தை மட்டும் கடைசியில் பார்த்தார். நேருக்கு நேர் கண்ணை உற்றுப் பார்க்கவே இல்லை. தடுப்பூசியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் சற்று நேரம் உருட்டி, மருந்தை இழுத்த ஊசியை மாற்றிப் புது ஊசியில் போட்டார். மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியைத் துளைத்த முனை கூர் மழுங்கியிருக்கும் என்பது காரணம். முழுப் பரிசோதனைக்கும் வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகவில்லை. நேரமில்லை என்று சொல்பவர்கள், மூன்று பேர் சேர்ந்து ஒரு பூனையை மேசைக்கடியில் துரத்தும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாய்களுக்கு மேசையே தேவையில்லாத வேளைகள் பல. பெரிய நாயைத் தரையில் நிற்க வைத்தே தடுப்பூசி போடலாம். மேசைதான் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து யோகா விரிப்பின் துண்டொன்றைக் கொண்டுபோய் விரிக்கலாம். கால் வழுக்காமல் நிற்பதே பாதித் தைரியம். தீனி கொடுப்பதில் வரிசை முக்கியம். முதலில் தொடுதல், உடனே தீனி என்று இருந்தால் தொடுதல் தீனிக்கு முன்னறிவிப்பாகும். தீனியைக் காட்டி மயக்கிவிட்டு ஊசி குத்துவதையே வழக்கமாக்கினால் தீனி ஊசிக்கு முன்னறிவிப்பாகி, வீட்டிலும் அந்தத் தீனியை நாய் சந்தேகத்தோடு பார்க்கும். அதனால் அதட்டாத குரலில், காதைத் தொட்டால் ஒரு வாய், பாதத்தைப் பிடித்தால் ஒரு வாய் என்று வீட்டிலேயே பழக்கிவிட வேண்டும். வேகவைத்த கோழி, கெட்டித் தயிர், அவித்த முட்டை எதுவானாலும் சரி, அன்றாடச் சாப்பாட்டைவிட மேலானதாக இருக்க வேண்டும். அறுவைக்காக வெறும் வயிற்றில் வரச் சொன்ன நாளுக்கு இது பொருந்தாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பயப்படும் நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்று ஒரு நம்பிக்கை நாய் பழக்குபவர்களிடம் இன்றும் இருக்கிறது. அச்சம் ஓர் உணர்ச்சி. பரிசு கொடுத்து வளர்க்கக்கூடிய பழக்கம் அன்று. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதனையின்போது வளர்ப்பவர் அருகில் நின்று பேசியும் தடவியும் கொடுத்த நாய்களின் இதயத் துடிப்பு குறைவாக இருந்தது. அவை மேசையிலிருந்து குதிக்க முயல்வதும் குறைந்தது. "நீங்க வெளியே இருங்க, நீங்க இருந்தாத்தான் இது ஆடுது" என்று சொல்லப்படும்போது, பணிவாக ஒரு முறை உடன் இருக்கக் கேட்டுப் பார்க்கலாம். நாமே பதற்றப்படுபவராக இருந்தால் வீட்டில் வேறொருவரை அனுப்புவதும் தவறில்லை.

வாயைக் கட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரேபிஸ் ஒழியாத நாட்டில் மருத்துவரும் உதவியாளரும் கடிபடாமல் இருக்க விரும்புவதில் நியாயம் முழுக்க அவர்கள் பக்கம்தான். பிழை கட்டும் முறையில் இருக்கிறது. காஸ் துணியையோ கயிற்றையோ வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் நாயால் நாக்கை நீட்டி இளைக்க முடியாது. நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் இளைத்துத்தான் வெளியேற்றுகிறது. சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் சுழலும் அறையில், அச்சத்தால் ஏற்கெனவே வெப்பம் ஏறிய நாயின் வாயைச் சில நிமிடங்களுக்கு மேல் கட்டி வைப்பது ஆபத்து. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்தக் கட்டு பொருந்தவும் பொருந்தாது, மூச்சே தடுமாறும். கம்பியிலோ ரப்பரிலோ செய்த கூடை போன்ற வாய்மூடி என்றால் உள்ளே வாயைத் திறந்து இளைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், இடைவெளி வழியே தீனியும் வாங்கலாம். அதை வாங்கி, உள்ளே தயிரைத் தடவி, நாய் தானாகவே மூக்கை நுழைக்கும் அளவுக்கு வீட்டில் பழக்கிவிட்டால், மருத்துவமனையில் அது தண்டனையாகத் தோன்றாது. உதவியாளரும் நிம்மதியாக வேலை செய்வார். அவருடைய நிம்மதி நாய்க்கும் தொற்றும்.

இவ்வளவுக்கும் பிறகும் அச்சம் தணியாத விலங்குகள் உண்டு. அவற்றுக்கு மருந்து கொடுப்பதை நம்மவர்கள் தோல்வியாகப் பார்க்கிறார்கள்; "மயக்க மருந்தெல்லாம் வேண்டாம் டாக்டர், இறுக்கிப் பிடிச்சுக்கிறோம்" என்பார்கள். இறுக்கிப் பிடிப்பதன் விளைவு பல ஆண்டுகள் நிற்கும். மாத்திரையின் விளைவு அன்று இரவோடு போய்விடும். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் மனிதர்களுக்குக் கொடுக்கும் காபாபென்டின், பூனைகளின் பயண அச்சத்தைக் குறைப்பதை 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது; கேரியரில் வைப்பதற்கு 90 நிமிடம் முன்பு கொடுத்துப் பார்த்தார்கள். அதன் உறவினரான ப்ரீகாபலின், பூனைகளின் பயணத்துக்கும் மருத்துவமனை வருகைக்குமென்றே திரவ மருந்தாக ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021-லும் அமெரிக்காவில் 2023-லும் ஒப்புதல் பெற்றது. நாய்களுக்கு ட்ராசோடோன் பரவலாகப் பயன்படுகிறது. நெடுங்காலமாக வழங்கிய அசிப்ரோமசினைத் தனியாகக் கொடுப்பதை நடத்தை மருத்துவர்கள் விரும்புவதில்லை. அது உடலைத் தளர்த்துமே தவிர அச்சத்தை அவ்வளவாகத் தொடாது. ஓட முடியாத உடலுக்குள் அஞ்சிய மனம் விழித்தே இருக்கும்.

அளவை மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவு வேறு. நம் ஊர் மருந்துக் கடைக்குப் போகும்போது ஒரு கூடுதல் கவனமும் வேண்டும். இங்கே காபாபென்டினை மெத்தில்கோபாலமினோடும் நார்ட்ரிப்டிலினோடும் சேர்த்த கூட்டு மாத்திரைகள் நிறைய விற்கின்றன. எழுதிக் கொடுத்தது தனி மருந்தென்றால் தனி மருந்தையே கேட்டு, அட்டையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். மனிதர்களுக்கான திரவ வடிவத்தில் சைலிட்டால் இனிப்பு சேர்ந்திருந்தால் அது நாய்க்கு நஞ்சு. முதல் முறை கொடுப்பதை வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில் வீட்டிலேயே பார்த்துக்கொண்டால், எவ்வளவு தள்ளாடுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். தள்ளாடும் பூனையை மாடி விளிம்பிலும் பரணிலும் ஏற விடக் கூடாது. விலங்குகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் பெரோமோன் என்ற மணப்பொருளின் செயற்கை வடிவைத் தெளிக்கும் தெளிப்பான்களைப் பற்றியும் கேட்கிறார்கள்; ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, தீங்கில்லை, கையில் காசிருந்தால் முயன்று பார்க்கலாம்.

எங்கள் நாய் கருப்பன் தெருவிலிருந்து வந்தவன். கருத்தடை செய்ததன் அடையாளமாக ஒரு காதில் வெட்டு உண்டு. வலை, வண்டி, இரும்புக் கூண்டு எல்லாவற்றையும் வீட்டுக்கு வரும் முன்பே கண்டவன். அவனுக்கு ஊசியில் பயமில்லை என்பதைக் கண்டுபிடித்தது ஓர் இளம் மருத்துவர். இரும்புக் கதவு சாத்தும் ஒலியும், கழுத்தை நோக்கி மேலிருந்து வரும் கயிற்றுச் சுருக்கும்தான் அவனை வெறிபிடித்தவனாக்கின. இப்போது அவனுக்குத் தடுப்பூசி மருத்துவமனையின் வாசலில், வேப்பமரத்தடியில் நடக்கிறது; கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. மருத்துவர் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, அவனாக வந்து முகரும் வரை பொறுப்பார். 'பயந்தாங்கொள்ளி' என்று மொத்தமாகச் சொல்லிவிடாமல் எதற்குப் பயப்படுகிறது என்று பிரித்துப் பார்த்தால், பல வேளைகளில் மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு பொருள்களாகவே இருக்கும். ஒருவரிடம் மட்டுமே ஒட்டிக்கொள்ளும் சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாட்டு இன நாய்களை வளர்ப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

குட்டியாக இருக்கும்போதே தொடங்க முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரையும், பூனைக்குட்டிக்கு இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையும் உலகத்தை அறிமுகம் செய்துகொள்ளும் பருவம். நாய்க்குட்டியின் முதல் தடுப்பூசி ஆறாம், எட்டாம் வாரத்தில் விழுவதால் மருத்துவரின் முகம் சரியாக அந்தப் பருவத்தில்தான் பதிகிறது. ஊசியில்லாமல் சும்மா போய், எடை பார்க்கும் பலகையில் ஏறி, ஒரு வாய் தீனி வாங்கித் திரும்பும் வருகைகளை இடையிடையே வைத்தால், மருத்துவமனை என்பது எப்போதும் வலிக்கும் இடமில்லை என்று அதற்குத் தெரியும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மருத்துவரிடம் நாம் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "இது இன்னிக்கே செய்யணுமா, டாக்டர்?" சிறுநீர் அடைத்துக்கொண்ட கடுவன் பூனை, வயிறு ஊதித் திருகிய நாய், பாம்புக்கடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை போன்றவற்றில் ஒரு மணி நேரமும் பொறுக்க முடியாது. நகம் வெட்டுவதும், காது அழுக்கெடுப்பதும், தவறிய குடற்புழு மருந்தும் அப்படியல்ல. வந்ததே வந்தோம், எல்லாவற்றையும் முடித்துவிடுவோம் என்ற சிக்கன எண்ணத்தில், ஏற்கெனவே நடுங்கும் நாயை நான்கு பேர் அமுக்கி நகம் வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த நகத்துக்காக அடுத்த பல ஆண்டுகளின் ஒவ்வொரு வருகையையும் அடகு வைக்கிறோம். தள்ளிப் போடுவதைப் பெரும்பாலான மருத்துவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. தள்ளிப் போடாதே என்று வற்புறுத்துபவர்கள் பெரும்பாலும் வளர்ப்பவர்கள்தாம்.

ஒன்றுக்கு மேல் பூனை வைத்திருப்பவர்களுக்கு வீடு திரும்பிய பிறகும் வேலை இருக்கிறது. ஸ்பிரிட், ஃபினைல், அயல் நாய் என்று எல்லா வாடையும் ஏறிய பூனையை, அதனோடு ஒரே பாயில் உருண்ட மற்ற பூனைக்கு அடையாளம் தெரியாது; வீட்டுக்குள் அந்நியன் நுழைந்ததாக எண்ணிச் சீறும், அடிக்கும். சில வீடுகளில் இந்தச் சண்டை வாரக்கணக்கில் நீண்டிருக்கிறது. திரும்பியவளைத் தனி அறையில் விட்டு, அவள் தன் உடலை நக்கித் துடைத்துக்கொண்டு சாப்பிட்ட பிறகு, வீட்டில் இருந்தவள் படுத்த துணியால் அவளை மெல்லத் துடைத்துவிட்டு, கதவை முதலில் ஒரு விரற்கடை அளவே திறக்க வேண்டும். சீறல் கேட்டால் அன்றைக்குச் சாத்திவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கேரியரைக் கழுவிக் காய வைத்து, அதே புடவையை விரித்து, கூடத்து மூலையில் பழைய இடத்திலேயே போட்டுவிடுங்கள். பரணுக்கு ஏற்ற வேண்டாம்.